மீன் தொடாத சட்டி

சேசு மரி சூசை துணை

குருநகர்,
யாழ்ப்பாணம்.
தவசு காலம், சனிக்கிழமை பின்னேரம்.

அன்புள்ள மகள் ஷெரோனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நல்ல சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, ஆனால் அப்படி எழுதினால் முதல் வரியே பொய்யாகிவிடும், தவசு காலத்தில் அது வேண்டாம். சுகமாகிக்கொண்டு வருகிறோம் என்று வைத்துக்கொள். நீயும் அந்தக் குளிருக்குள் நோய் நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே. போனில் எனக்குக் கதை வராது, உனக்கே தெரியும், ஓம் ஓம் இந்தா அம்மாவோடை கதை என்று கையில் கொடுத்துவிட்டு எழும்பிப் போகிற ஆள் நான். அதோடு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அவ பக்கத்திலே படுத்திருக்க நான் எப்படிக் கதைப்பது. பக்கத்து வீட்டு டினேஸின் மைத்துனன் ஜெயசுதன் விடுமுறைக்கு வந்தவன் நோர்வேக்கு, உங்கள் பேர்கனுக்குத் திரும்புகிறான், நாளைக்குக் காலமை பார்சல் எடுக்க வருவான். உனக்குக் கறித்தூள் கட்டிவிடுகிறேன், அதற்குள்ளே இந்தக் கடிதத்தையும் வைத்துவிடுகிறேன். அம்மா இப்போது நித்திரை, அதனால் அவசரமில்லாமல் எழுதலாம் என்று விறாந்தையில் மர வாங்கிலே குந்தியிருக்கிறேன்.

உள்ளதைச் சொல்கிறேன். நான் சாப்பிடுறன் பிள்ளை, வயிறு நிறையச் சாப்பிடுறன் என்று அம்மா போனில் உனக்குச் சொன்னதெல்லாம் உன் மனம் ஆறட்டும் என்று சொன்னது. மார்பில் இருந்த கட்டியை வெட்டி எடுத்த பிறகு தெல்லிப்பளை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள் அல்லவா, முதல்முறை ஏற்றினபோது தலைமயிர்தான் போனது, அவ சீலைத்துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கோயிலுக்கும் வந்தா. அடுத்த முறைக்குப் பிறகுதான் வாய் முழுக்கப் புண்ணாகிப் போய், சாப்பாடு என்றாலே முகத்தைத் திருப்பத் தொடங்கினா. கஞ்சி வைத்துக் கொடுத்தேன், தேத்தண்ணியில் விசுக்கோத்து நனைத்துக் கொடுத்தேன், பேக்கரிப் பாணின் உள்ளைப் பிய்த்துச் சின்னப் பிள்ளைக்குத் தீத்துகிற மாதிரித் தீத்தினேன். புண் மாறின பிறகாவது சாப்பிடுவா என்று பார்த்தால் அதுவும் இல்லை. சட்டை உடம்பில் தொங்கிற மாதிரி ஆகிவிட்டா. டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, ஐயா, இனியும் நிறை குறைஞ்சால் மிச்ச மருந்து ஏத்த ஏலாது, உடம்பு தாங்காது, எப்பிடியாவது சாப்பிடப் பண்ணுங்கோ என்றார். எப்படியாவது என்று சொல்வது லேசு. மருந்து பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று கேட்க எனக்குப் பயம். பஸ்ஸில் வரும் வழி முழுக்க அம்மா என் தோளிலே சாய்ந்து நித்திரை கொண்டா, நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன், எதைப் பார்த்தேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

அதிலும் பெரிய கரைச்சல் மீன் மணம். குருநகரில் பிறந்து குருநகரிலேயே வாழ்க்கைப்பட்டு, கடற்கரையில் கூறு போட்டு மீன் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கின மனுசிக்கு மீன் மணம் ஆகாமல் போய்விட்டது. இந்த ஊரில் மீன் மணக்காத இடத்துக்கு நான் எங்கே போவேன், எங்களுக்கு வீசுகிற காற்றே அதுதான். யன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் ஓங்காளித்துச் சத்தி. உன் தம்பி றோய் ஞாயிற்றுக்கிழமை பருத்தித்துறையிலிருந்து வரும்போது மாமனாரின் வள்ளத்தில் பட்ட விளைமீனை ஆசையாகக் கொண்டு வந்தான், படலையடியிலேயே நிற்பாட்டி டினேஸ் வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன், பாவம், முகம் கறுத்துப் போனான். நானும் தொழிலுக்குப் போவதை நிற்பாட்டிவிட்டேன், வலைக் கிழிசல் பொத்தக்கூடப் போவதில்லை. அப்படியிருந்தும் நான் கட்டிலுக்குக் கிட்டப் போனால் அம்மா மெல்ல மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பா. என்னைப் புண்படுத்தக்கூடாது என்று தூங்குகிற மாதிரி நடிப்பா. தேசிக்காய் தேய்த்துக் குளித்தேன், சந்தனச் சவுக்காரம் போட்டேன், பொடியனாய் இருந்த காலம் தொட்டுக் கடலில் ஊறின உடம்பு அதற்கெல்லாம் அசையுமா. இத்தனை காலம் ஒன்றாய்ப் படுத்த மனுசிக்கு என் மணம் ஆகவில்லை என்பது எனக்குப் பெரிய மனவருத்தம், ஷெரோன், இதை நான் வேறு ஒருத்தருக்கும் சொன்னதில்லை. நான் விறாந்தைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டேன். காற்று நல்லது என்று அம்மாவுக்குச் சொன்னேன்.

சமையலும் என் தலையிலேதான். அப்பாவுக்கு அடுப்பு மூட்டத் தெரியாது என்று நீ சிரிக்க வேண்டாம், வள்ளத்தில் சமைத்தவன் நான். ஆனால் வள்ளத்துக் கறி என்றால் ஒரேயொரு கறிதான். பட்ட மீனில் ஒன்றை வெட்டிக் கடல் தண்ணியில் அலசி, பழப்புளி கரைத்து ஊற்றி, தூளை அள்ளிப் போட்டுக் கொதிக்கவிட்டால் சரி. உப்பைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை, அதைக் கடல் பார்த்துக்கொள்ளும். அந்தக் கறியிலிருந்து மீனை எடுத்துவிட்டால் எனக்குத் தெரிந்த சமையல் அதோடு முடிந்தது. எங்கள் வீட்டில் மரக்கறி என்பது மீன்கறிக்குப் பக்கத்தில் ஒப்புக்குக் கிடப்பதுதானே. சுத்தபோசனத்துக்கு இறைச்சிதான் ஆகாது, மீன் ஆகும் என்று கோயிலே சொல்லிவிட்டதால் பெரிய வெள்ளிக்கிழமைக்கும் எங்களுக்கு மீன் குறைந்ததில்லை. வருசத்தில் ஒரு நாளாவது மீன் இல்லாமல் சமைத்துப் பழகியிருந்தால் இந்தப் பாடு வந்திருக்காது.

நீ அம்மாவின் போனுக்கு அனுப்புகிற வீடியோவெல்லாம் நானும் பார்க்கிறேன், பார்க்காத மாதிரி இருந்தாலும் பார்க்கிறேன். உறைப்புச் சாப்பாடு உடம்புக்கு நல்லதாம், இரத்தம் நன்றாக ஓடுமாம், சமிபாட்டுக்கு உதவுமாம், மனதைச் சந்தோசப்படுத்துகிற ஏதோ ஒன்று உடம்புக்குள்ளே ஊறுமாம், உறைப்புச் சாப்பிடுகிறவர்கள் கனகாலம் இருப்பார்களாம். செத்தல் மிளகாயைக் கையிலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெட்டை சொல்லுகிறா, அவ வாழ்க்கையில் ஒருநாள் எங்கள் நண்டுக்கறிக் குழம்பை நக்கியிருப்பாவோ தெரியாது. அது உண்மையென்றால் யாழ்ப்பாணத்தில் ஒருத்தரும் சாகக்கூடாது என்று நான் சொன்னேன், அம்மா அதற்குச் சிரிக்கவில்லை. ஆனால் ஒன்று, வாடைக் காலத்தில் கடலுக்குப் போகும்போது பழைய ஆட்கள் இடிசம்பலோடு சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டுத்தான் வள்ளத்தில் ஏறுவார்கள், நடுக்கம் தெரியாது என்பார்கள். அது எனக்கும் தெரியும், வயிற்றுக்குள்ளே சூடு கிடந்தால் கையும் வேலை செய்யும், மனமும் விழாது. கிளினிக்கில் மருந்து ஏற்றுகிற மிஸ்ஸியிடம் கேட்டேன். புண் மாறினபடியால் கொஞ்சம் கொஞ்சமாய் உறைப்புக் குடுத்துப் பாருங்கோ, மிளகாய் மருந்தில்லை, ஆனால் அதாலை சோறு உள்ளை இறங்குமெண்டால் நல்லதுதானே, எரியுதெண்டால் நிப்பாட்டுங்கோ என்றா. எனக்கு அந்தக் கதை பிடித்தது. வீடியோவைவிட அது தெளிவு.

சரியென்று தொடங்கினேன். பூசணிக்காய் வைத்தேன், வாழைக்காய் வைத்தேன், பயித்தங்காய் வைத்தேன். ஒன்றில் தூளைக் குறைத்தேன், ஒன்றில் கூட்டினேன், ஒன்றில் மிளகு போட்டேன். அம்மா பாவம், எனக்காக ஒரு வாய் எடுப்பா, எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு கையால் வாயைப் பொத்துவா. பிறகு, நல்லாயிருக்கு, எனக்குத்தான் ஏலாமல் கிடக்கு என்று சொல்லுவா. கோபம் வருமா, அழுகை வருமா என்று தெரியாமல் நான் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவேன். தேங்காய் திருவி, பால் பிழிந்து, வெங்காயம் உரித்து, கடைசியில் எல்லாவற்றையும் பின்வளவில் கொட்டுவது. மனுசன் அலுத்துப் போனான், மகள். நடுக்கடலில் இயந்திரம் நின்று ஆறு பேர் கிடந்தபோதுகூட எனக்கு இப்படிக் கைகால் சோர்ந்ததில்லை.

அப்போதுதான் தெல்லிப்பளையில் இணுவில் நமசிவாயத்தாரையும் அவருடைய மனுசி சின்னாச்சியையும் கண்டோம். மிளகாயும் வெங்காயமும் செய்கிற தோட்டக்காரர், மனுசிக்கும் அம்மாவுக்கு வந்த வருத்தம்தான், அதே கட்டி, எங்களுக்கு முந்தியே மருந்து தொடங்கினவர்கள். வாங்கிலே பக்கத்தில் பக்கத்தில் இருந்து முறைக்குக் காத்துக்கொண்டிருக்கும்போது சின்னாச்சி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தா, சோறும் முருங்கைக்காய்க் கறியும். நான் அம்மாவைத்தான் பார்த்தேன், இப்போது எழும்பி ஓடுவா என்று. ஓடவில்லை. சின்னாச்சி மூடியிலே கொஞ்சம் வைத்து, ஒரு வாய் தின்னுங்கோ தங்கச்சி, கொஞ்சம் உறைக்கும், ஆனால் வாய்க்கு நல்லாயிருக்கும் என்று நீட்டினா. அம்மா வாங்கிச் சாப்பிட்டா. ஒரு வாய் இல்லை, மூடி வெறுமையாகும் வரைக்கும் சாப்பிட்டா. என்ன போட்டனீங்கள் என்று கேட்டேன். ஒண்டும் விசேசமில்லை அண்ணை, தூள், புளி, தேங்காய்ப்பால், எல்லாரும் போடுறதுதான் என்று சின்னாச்சி சொன்னா. நமசிவாயத்தார் அடுத்த நாளே எங்கள் பக்கம் வந்த ஒரு லொறிக்காரனிடம் தன் வளவு முருங்கைக்காயில் ஒரு கட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

நான் அவசரம் அவசரமாக அதே கறியை வைத்தேன். அதே முருங்கைக்காய், அதே சாமான். அம்மா கிட்டே கொண்டு போகும்போதே, வேண்டாமப்பா, மீன் மணக்குது என்றா. மீன் எங்கே இருக்கிறது, நானே முருங்கைக்காய் வெட்டினேன் என்று எனக்கு எரிச்சல் வந்து, முதல்தடவையாகச் சத்தம் போட்டுவிட்டேன், பிறகு கறியை வழக்கம்போலப் பின்வளவில் கொட்டினேன். கொட்டிவிட்டுத் திரும்ப டினேஸ் வீட்டுப் பூனை மதிலால் குதித்து வந்து அந்தக் குழம்பை நக்கத் தொடங்கியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முருங்கைக்காய்க் கறியை எந்தப் பூனை நக்கும். உள்ளே போய்ச் சட்டியை எடுத்து மூக்கிலே வைத்து மணந்தேன், எனக்கு ஒன்றும் மணக்கவில்லை, என் மூக்கு அப்படி. ஆனால் அந்த மண்சட்டி உன் அம்மா வாங்கின நாள் தொட்டு மீன்கறியைக் குடித்துக் குடித்துக் கறுத்த சட்டி. மண் குடித்ததை விடுமா. சாம்பல் போட்டுத் தேய்த்தேன், புளி போட்டு அவித்தேன், வெயிலில் கவிழ்த்து வைத்தேன், பூனை வந்து சட்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. சைவக்காரர் வீட்டில் வெள்ளிக்கிழமைக்கென்று புறம்பான சட்டி இருக்கும். எங்கள் வீட்டில் மீன் தெரியாத ஒரு சட்டி, ஒரு கத்தி, ஒரு அகப்பை இல்லை. தேங்காய் திருவுகிற திருவலையைக்கூட மீன் வெட்டின கையால்தானே பிடித்தோம்.

நமசிவாயத்தார் இதைப் போனில் கேட்டுவிட்டு, அண்ணை, இஞ்சை எங்கடை வீட்டிலை சட்டியள் கிடக்கு, ஒண்டை எடுத்துக்கொண்டு போங்கோவன் என்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் அவர்கள் சைவக்காரர், எங்கள் வீட்டுக்குள் வந்த சட்டி திரும்பி அவர்கள் அடுப்பில் ஏறாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதைக் கதைத்து என்ன வரப்போகிறது. நான் பக்கத்திலே திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்ப் புதுச் சட்டி ஒன்றும், அகப்பையும், கத்தியும், திருவலையும் வாங்கினேன். சட்டி விற்ற மனுசியிடம், இதிலை மீன் ஒண்டும் வைக்கேல்லைத்தானே என்று கேட்டுவிட்டேன். அவ என்னை ஏற இறங்கப் பார்த்து, புதுச் சட்டி ஐயா, சூளையாலை வந்து இஞ்சைதான் கிடக்கு என்றா, பக்கத்திலே நின்ற ஆட்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணியில் ஊறப்போட்டு, அரிசி கழுவின தண்ணியைக் கொதிக்கவைத்துச் சட்டியைப் பழக்கினேன். எல்லாம் புதிதாக வாங்கலாம், கையை எங்கே போய் வாங்குவது. தேசிக்காய்த் தோலால் நகத்தடி வரைக்கும் தேய்த்தேன்.

இனி உன்னுடைய பங்கு. மீன் இல்லாமல் ஒரு கறியை எப்படி வாய்க்கு உருசியாய் வைப்பது என்று நீ அனுப்பின குரல் செய்தி அம்மாவின் போனில் எப்போதோ வந்து கேட்காமல் கிடந்தது. அம்மா, கேளுங்கோ என்றுதான் நீ தொடங்கியிருந்தாய். அம்மா உள்ளே படுத்திருந்தா, குசினித் தட்டிலே போனைச் சாய்த்து வைத்துக் கேட்டது நான். மீன், இறைச்சி, முட்டை என்று விட்டது போதாதென்று பாலையும் தயிரையும்கூட விட்ட பிள்ளை என்னத்தைச் சமைக்கும் என்று நான் நினைத்திருந்தேன், அதைச் சும்மா மறைப்பானேன். பெரிய மீன் பிடிக்கிற ஊரிலே போய் இருந்துகொண்டு மீன் தின்னாத ஒரேயொரு குருநகர்க்காரி நீதான் என்று டினேஸுக்கும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் உன் குரல் சொன்னபடியே செய்தேன். வெந்தயத்தைக் கருகவிடாமல் பொரிக்கச் சொன்னாய், வெங்காயத்தை அவசரப்படாமல் பொன்னிறமாகும் வரைக்கும் வதக்கச் சொன்னாய், தூளைப் போட்டதும் உடனே கப்பிப்பாலை, அந்த இரண்டாம் பாலை, விடாமல் எண்ணெய்க்குள்ளே கொஞ்சம் பிரட்டச் சொன்னாய். புளியை முதலில் விட்டால் முருங்கைக்காய் வேகாது, பிறகு விடுங்கோ என்றாய். இறக்கும்போது முதற்பாலை விட்டு, உள்ளிப்பல்லையும் மிளகையும் பெருஞ்சீரகத்தையும் தட்டிப் போட்டு மூடிவைக்கச் சொன்னாய். நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். நடுவிலே நீ யாருக்கோ நோர்வே பாசையில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாய், அந்த இடத்தையும் சில தடவை கேட்டேன். தூள் மட்டும் நீ சொன்னதில் பாதிதான் போட்டேன், மிஸ்ஸி சொன்னதற்குப் பயந்து.

அம்மா எழும்பிக் கதிரையில் இருந்தா. கோப்பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நான் எட்ட நின்றேன், என் மணம் பட்டுக் கெட்டுவிடக்கூடாது என்று. ஒரு வாய் எடுத்தா. நான் சத்திக்கென்று வைத்திருக்கிற வாளியை எடுக்கத் தயாராய் நின்றேன். இன்னொரு வாய் எடுத்தா. பிறகு முருங்கைக்காயை எடுத்துச் சப்பி, சக்கையை மீன் முள்ளைப் போல கோப்பை ஓரத்திலே ஒழுங்காய் வைத்தா. கன காலத்துக்குப் பிறகு அவ அப்படிச் சாப்பிடுவதைக் கண்டேன். மூக்கு நுனி வேர்த்திருந்தது. பாதிக்கு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, உறைப்புக் காணாது என்று சொன்னா. வேறு ஒன்றும் இல்லை, நல்லாயிருக்கு என்றுகூட இல்லை. கலியாணம் முடித்த நாள் தொட்டு எந்த வீட்டுச் சாப்பாட்டுக்கும் அவ சொல்லுகிற குறை அது, வருத்தம் வந்த பிறகு நான் கேட்காத குறை. நான் குசினிக்குள் போய் அடுப்படியில் குந்தி அழுதேன், ஷெரோன். சத்தம் கேட்காமல்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. ஒரு நேரம் சாப்பிட்டால் மற்ற நேரம் இல்லை. மருந்து ஏற்றின கிழமை தண்ணியும் இறங்காது. ஆனால் போன கிளினிக்கில் நிறை பார்த்துவிட்டு டொக்டர் இந்தமுறை மருந்து ஏத்தலாம் என்றார், ஏற்றிவிட்டார்கள். இன்னும் இருக்கிறது, நீளமான காரியம், நான் ஒவ்வொரு நாளாய்ப் பார்க்கிறேன். சட்டியும் அடுப்பும் நானுமாய்ப் போகிறது பொழுது. என்னைப் பற்றிக் கவலைப்படாதே, நான் மரக்கறியோடு கிடந்து மெலிகிறேன் என்று நினைத்துவிடாதே, மத்தியானத்தில் டினேஸ் வீட்டிலே மீன் சாப்பாடு சாப்பிடுகிறேன், குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன். உன்னைப் போல மீனை விடுகிற ஆள் நான் இல்லை, அந்தச் சந்தோசம் உனக்கு வேண்டாம்.

நீ கடைசியாக வந்து நின்றபோது நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. பருப்பிலும் மீன் மணக்குது என்று சொல்ல மனமில்லாமல், பாணும் வாழைப்பழமுமாய்த் தின்று மெலிந்து திரும்பிப் போனாய், அம்மா பலாலியில் உன்னைப் பிளேனில் ஏற்றிவிட்டுவந்து அழுதா. அதற்குப் பிறகு வா என்று கேட்கும்போதெல்லாம், நான் வந்தால் உங்களுக்குச் சாப்பாட்டுக் கரைச்சல், அடுத்த வருசம் பாப்பம் என்று நீ தள்ளிக்கொண்டே வருகிறாய். அம்மா அதைக் கேட்டுவிட்டு, பிள்ளைக்கு லீவு இல்லையாம் என்று எனக்கு மாற்றிச் சொல்லுவா. இனி அந்தச் சாட்டு உனக்கு இல்லை. சட்டி இருக்கிறது. நீ சொல்லித்தந்த கறியும் எனக்கு வரும். அம்மாவுக்கு மருந்து முடிவதற்குள் ஒருமுறை வந்து முகத்தைக் காட்டு, அவ வாய்விட்டுக் கேட்கமாட்டா, அதனால் நான் கேட்கிறேன்.

பார்சலில் இருக்கிற தூள் நானே வறுத்தது. மிளகாய் வறுத்த புகையில் தெரு முழுக்கத் தும்மல், டினேஸ் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, அண்ணை, ஊரைக் கொல்லப்போறியளோ என்று கேட்டான். அம்மாவை முன்கூட்டியே கோயில் பக்கம் இருத்திவிட்டுத்தான் வறுத்தேன். மில்லுக்குக் கொண்டுபோனால் எனக்கு முன்னால் ஒருவர் கருவாட்டுத் தூள் அரைத்துக்கொண்டு நின்றார், நான் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். அடுத்த நாள் மில் திறக்க முதலே போய் நின்று, முதலில் அரிசியைப் போட்டு ஓடவிட்டுத் துடைக்கச் சொல்லி, பிறகுதான் உன் தூளை அரைப்பித்தேன். மில்காரன் எனக்கு விசர் என்று நினைத்திருப்பான். நீ பயப்படாமல் சாப்பிடலாம். வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் வெறும் வயிற்றோடு போகாதே, இருட்டுக்காலத்தில் சூடாக ஏதாவது சமைத்துச் சாப்பிடு, மனம் விழாது. பூசைக்குப் போகாவிட்டாலும் படுக்கமுன் ஒரு மன்றாட்டுச் சொல். ஜெயசுதனின் பையில் இடம் மிஞ்சினால் பனங்கிழங்கு ஒடியல் மாவும் வைக்கிறேன். தூள் போத்தலை ஈரக்கையால் தொடாதே, பூஞ்சணம் பிடிக்கும்.

மாதா உன்னைத் தன் சீலைத்தலைப்புக்குள் வைத்துக் காக்கட்டும். தம்பி றோயும் அவன் மனுசியும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

என்றும் உன்னை ஆசீர்வதிக்கும்
அப்பா,
ம. கனிசியஸ்

பிள்ளை ஷெரோன், அப்பா பார்சல் கட்டக் கயிறு வேண்டக் கடைக்குப் போயிட்டார், அதுக்குள்ளை நான் வாசிச்சிட்டன். கை நடுங்குது, எழுத்தைப் பாத்துப் பயப்பிடாதை. அவர் எழுதினதிலை ஒண்டு பொய். டினேஸின்ரை மனுசி என்னட்டைச் சொன்னவ, அண்ணை இஞ்சை ஒருநாளும் சாப்பிட வாறேல்லை அக்கா, மீன் குடுத்தாலும் வேண்டாமெண்டு போயிடுறார் எண்டு. அந்தச் சட்டி வந்த நாள் தொட்டு நான் தின்னுறதைத்தான் அவரும் தின்னுறார், தன்னிலை மணம் வந்தால் நான் திரும்பிப் படுத்திடுவனெண்டு. இப்ப எனக்கு மணம் முந்தின மாதிரி வயித்தைப் பிரட்டேல்லை, விறாந்தையாலை உள்ளை வாங்கோ எண்டால் அதுக்கும் வாறாரில்லை. நீ கெதியா வா பிள்ளை. வந்து, உன்ரை வாயாலை அவரை மீன் தின்னச் சொல்லு. நான் சொன்னால் கேக்கிறாரில்லை.

அம்மா